எங்கள் தெருச் சாக்கடைக்கு வந்த பணம்

பயந்தாங்கொள்ளிகளுக்கு ஊரில் ஒரு சங்கம் இருந்திருந்தால் என்னைத்தான் தலைவியாக்கியிருப்பார்கள். கோயில் யானை தெருவுக்குள் வந்தால் நான் சமையலறையில் இருப்பேன். ஆனால் முதலாளியைப் பார்த்தால் வருகிற பயம் வேறு. அவர் பாவு நூலும் பட்டும் ஜரிகையும் கொடுத்தால்தான் எங்கள் வீட்டில் தறி ஓடும். தறி ஓடினால்தான் உலை கொதிக்கும். அவர் முகம் சுளித்த அன்று என் கணவருக்குச் சோறு இறங்காது. தெருவில் முக்கால்வாசி வீடுகள் அவருக்குக் கூலிக்கு நெய்கிற வீடுகள்தான். போதாததற்கு எங்கள் வார்டு கவுன்சிலரும் அவரே.

தெரு ஓரமாகத் திறந்த சாக்கடை ஓடியது. ஓடியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன், தேங்கித்தான் நின்றது. மழை பிடித்தால் அந்தத் தண்ணீர் வாசல்படி ஏறி, தறிக்குழி வரை வந்துவிடும். முந்தைய மழையில் வாந்திபேதி வந்து தெருவில் இரண்டு குழந்தைகள் போய்விட்டன. என் மகளும் படுத்தாள். ஆஸ்பத்திரித் தரையில் கண் செருகிக் கிடந்தவள், எமன் வாசல்வரை போய்த் திரும்பினாள். அதற்குப் பிறகு வானம் கறுத்தாலே மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டுவிடுவேன்.

அந்த வருஷம் மூடிய கால்வாய் கட்டவும் நல்ல தண்ணீர்க் குழாய் போடவும் எங்கள் தெருவுக்கு அரசாங்கப் பணம் வந்தது. சந்தோஷம் ஆடி மாதம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அதை எடுத்து, முதலாளியின் கடைக்குப் போகிற ரோட்டுக்குக் கொடுக்கப் போகிறார்கள், அடுத்த கூட்டத்தில் தீர்மானம் என்று எதிர்வீட்டு அக்கா வந்து சொன்னாள். அவள் தம்பி முனிசிபாலிட்டியில் பியூன்.

அக்கா வீட்டில் தறி இல்லை. இட்லி சுட்டு விற்றாள், அதனால் எந்த முதலாளிக்கும் பயப்பட வேண்டிய அவசியமும் இல்லை. வீடு வீடாக ஏறினாள். "கூட்டம் நடக்கற அன்னிக்கு காலைல எல்லாரும் தறிய வுட்டுட்டு வாங்கம்மா. கும்பலா போய் நின்னா எப்படி மாத்துவாங்கன்னு பாத்துடலாம்." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். தலையாட்டக் காசா பணமா?

அந்தக் காலை வந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை. தெரு முழுக்கத் தறிகள் வழக்கத்தைவிட மும்முரமாகச் சத்தம் போட்டன. அக்கா மட்டும் நடுத்தெருவில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

என் கணவர் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில், கோர்வைக்குக் கரைநூல் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தேன். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று சேர்த்து நெய்கிற சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் எழுந்தால் தறி நின்றுவிடும். ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் என் மகள் சாக்கடை ஓரம் குந்திக்கொண்டு, அந்தத் தண்ணீரில் கையை விட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்து நாடா நழுவியது. எடுத்தேன். மறுபடியும் நழுவியது.

"இன்னா ஆச்சு உனக்கு?" என்றார் அவர்.

"என்னால முடியலைங்க."

"எழுந்திருக்காத. மொதலாளிக்குத் தெரிஞ்சா அடுத்த பாவு வராது."

எழுந்துவிட்டேன். தைரியம் வந்து எழவில்லை, நாடா கையில் நிற்காததால்தான் எழுந்தேன். வாசலுக்கு ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் வேலை நேரத்தில் தறி நிற்பது சாவுக்குத்தான். பிணம் தெருவைத் தாண்டும் வரை யாரும் நெய்ய மாட்டார்கள். எங்கள் தறி நின்றதும் பக்கத்து வீட்டுக்காரர் தன் தறியை நிறுத்திக் காது கொடுத்தார். இரண்டு நின்றதைக் கேட்டு அடுத்ததும் நின்றது. கொஞ்ச நேரத்தில் தெருக்கோடி வரைக்கும் சத்தமே இல்லை. தோளில் துண்டோடு ஆண்களும், கலைந்த தலையோடு பெண்களும் ஓடி வந்தார்கள்.

"யார் வூட்ல? யாரு போயிட்டாங்க?"

ஒரு அம்மாள் மாரில் அடித்துக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டாள். அத்தனை பேரும் என்னையும் என் இடுப்பிலிருந்த குழந்தையையும் பார்த்தார்கள்.

"யாரும் சாவலைமா," என்றேன். "இன்னும் சாவல."

அக்காவுக்கு அது போதுமாயிருந்தது. "கேட்டுக்கினீங்களா? சாவுன்னா ஓடி வர்றீங்க. அது வராம இருக்கறதுக்கு ஒரு நாள் வரக்கூடாதா? நடங்க!"

வந்தது வந்தாயிற்று என்று நடந்தார்கள்.

முனிசிபாலிட்டி ஆபீஸில் எங்களுக்குக் கோஷம் போடக்கூடத் தெரியவில்லை. வராந்தா நிறைய சும்மா நின்றோம். முதலாளி உள்ளேயிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் அக்கா முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். சேர்மன் வெளியே வந்து விஷயத்தைக் கேட்டார், கும்பலைப் பார்த்தார், உள்ளே போனார். வெகுநேரம் கழித்து அக்காவின் தம்பி வந்து, பணம் எங்கள் தெருவுக்கே என்று சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் வேப்பமரத்தடிக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அப்புறம் முதலாளி வீட்டுக்கு வீடு ஆள் விட்டு விசாரித்தார். எல்லோரிடமும் ஒரே பதில்: "சாவுன்னு நெனச்சு நிறுத்தினோம் மொதலாளி." பொய்யும் இல்லை. அந்த வழக்கம் அவருக்கும் தெரியும், குற்றம் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியாத வீடு தெருவில் ஒன்றே ஒன்றுதான். சேலை முடிந்ததும், பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி என் கணவருக்குச் சேதி வந்தது.

போகிற வழியெல்லாம் நான் கும்பிடாத சாமி இல்லை. முதலாளி சேலையைப் பலகையில் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை.

"உங்க வூட்ல யாரும்மா செத்தாங்க?"

"யாரும் இல்லீங்க."

"அப்புறம் எதுக்குத் தறி நின்னுச்சு?"

"பயமா இருந்துச்சுங்க."

"என்னைப் பாத்தா?"

"மழைய நெனச்சுங்க."

சேலையை மடித்து வைத்தார். "இனிமே உங்களுக்கு இங்க பாவு கிடையாது."

என் கணவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். காலில் விழு என்று அர்த்தம். விழத்தான் நானும் குனிந்தேன். வயிற்றுப் பிழைப்புங்க, மன்னிச்சுடுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கால்வாய் எப்பங்க வெட்டுவாங்க?" என்று கேட்டேன். "ஐப்பசிக்குள்ள முடிஞ்சுடுங்களா?"