எஞ்சின் இல்லாத லாரி தள்ளியது

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் அடுப்படி வேலையைப் பார்க்கிறவள் நான். கான்வென்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். அறிவியலில் நல்ல மதிப்பெண். அதனால் இதை எழுதும்போதே நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். என் நாத்தனார் சொன்னதைத்தான் சொல்வீர்கள்: பிள்ளை பெற்ற உடம்பு, பலவீனம், தூக்கம் கெட்டது. அவளிடம் கேட்காத கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். என் உடம்பு பலவீனம் என்றால் லாரி எப்படி நகரும்?

பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து எங்கள் ராயபுரத்தில் ஆண்கள் எல்லோருக்கும் டீசல் பைத்தியம் பிடித்திருந்தது. என் கணவர் சேவியருக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை, நல்ல வேலை. ஆனால் எண்ணூர் சாலையில் நாள்தோறும் லாரிகள் பழுதாகி நிற்பதைப் பார்த்துவிட்டு, அவற்றை இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விடுகிற தொழில் செய்தால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். திருவொற்றியூரில் கோதண்டம் என்பவரிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. மிலிட்டரி ஏலத்தில் எடுத்து, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய டீசல் எஞ்சின் ஒன்றை உள்ளே வைத்த வண்டி. அதை வாங்கியதும் வேலையை விட்டுவிடுவார். எனக்கு அது ஒன்றுதான் கவலை. வண்டி சரியில்லை என்றால், ராத்திரி பகல் என்று அந்தச் சாலையில் கனமான லாரியைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப்போவது இவர்தான். என் கையில் எட்டு மாதக் குழந்தை.

எஞ்சினைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். என் அப்பா டீசல் படகு வைத்திருந்தார். கடலுக்கு நடுவே எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்த வீட்டில் வளர்ந்தவள் நான். பழைய எஞ்சின் வாங்கப் போகும்போது போகிற நேரத்தைச் சொல்லாமல் போவார்கள், ஆறிக் கிடக்கும் எஞ்சினைத் தங்கள் கையாலேயே ஸ்டார்ட் செய்வார்கள். இதைக் காதில் கேட்டே வளர்ந்தேன். ஆனால் சேவியர் மரியாதைக்காரர். சனிக்கிழமையே ஆள் அனுப்பி, "நாளைக்கு முதல் பூசை முடிஞ்சதும் குடும்பத்தோட வர்றோம்" என்று சொல்லிவிட்டார். சொல்லாமல் போனால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்குமாம். அவருடைய மரியாதையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

போனோம். கோதண்டம் தன் ஆட்கள் இரண்டு பேரோடு வாசலிலேயே நின்றார்.

"வா நைனா, வா! ஃபேமிலியோட வந்துகிற! தங்கச்சி, கலர் சாப்டுறியா?"

வண்டி ஓட்டுக் கொட்டகைக்குள் நின்றது. ஆண்கள் டயரைத் தட்டிக்கொண்டிருந்தபோது நான் முன்மூடியின்மேல் கையை வைத்தேன். கொதித்தது. வெயில் படாத இடத்தில் நிற்கும் வண்டி, இன்னும் யாரும் ஸ்டார்ட் செய்யாத வண்டி. அவரிடம் மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல், "எஞ்சின் சூடா இருக்குங்க, காலையிலேயே ஓட்டியிருக்காங்க" என்றேன்.

அவர் மெதுவாகப் பதில் சொல்லவில்லை. "சூடா இல்லாம ஐஸ் மாதிரியா இருக்கும்? இன்னாமே நீ!" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். கோதண்டம் சிரித்தார்.

"தங்கச்சி படிச்ச பொண்ணு, மாமு. தெர்மாமீட்டர் எத்துகினு வந்துருக்கும்."

செல்ஃபை ஒரு தடவை அடித்ததுமே எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. சூடாக இருந்தால் எடுக்காமல் என்ன செய்யும்? எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொன்னேன். திறந்ததும் குபுகுபுவென்று புகை வந்தது. பிஸ்டன் தேய்ந்திருந்தால் அப்படித்தான் வரும். கோதண்டம் ஒரு துணியைப் போட்டு அமுக்கி மூடியை மாட்டினார். "அது மூச்சு வுடுதும்மா. ஒன் வூட்டு அடுப்புல பொக வந்தா அடுப்பையா தூக்கிப் போடுவ?" என்றார். மறுபடியும் சிரிப்பு. என் கணவரும் சிரித்தார். நான் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாலு ஆண்கள் பார்த்துச் சரி என்கிறார்கள், நாம் என்ன பெரிய மெக்கானிக்கா, ஒருவேளை டீசல் என்றால் புகையத்தான் செய்யுமோ, அப்பாவின் படகு வேறு இது வேறோ என்று. எப்போதும் இப்படித்தான். எனக்குத் தெரிந்ததை நானே சந்தேகப்பட்டு முடிப்பதற்குள் காரியம் நடந்துவிடும்.

இழுத்துப் பார்க்க வேண்டும் என்றார் சேவியர். அது மட்டும் சரியான பேச்சு. சாலை ஓரத்தில் ஒரு லாரி நின்றது. அதன் எஞ்சினைப் பழுது பார்க்க இறக்கி எண்ணூர்ப் பக்கம் ஒர்க்‌ஷாப்புக்கு முன்பே கொண்டுபோய்விட்டார்கள். வெறும் கூடும், பின்னால் கொஞ்சம் பழைய இரும்பும்தான். அதைப் பார்த்துக்கொள்பவர் காசிம் பாய், தண்டையார்பேட்டைக்காரர், வயதான டிரைவர். இழுத்துக்கொண்டு போகும்போது ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் பிடிக்க அவர் லாரியில் ஏறினார். சங்கிலியால் பிக்கப்பின் கொக்கியில் கட்டினார்கள். நான் கொட்டகையிலேயே இருந்துகொள்கிறேன் என்று சேவியரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"வண்டி மேல தங்கச்சிக்கு நம்பிக்கை இல்ல. ஏறிக் குந்திகினு வரட்டும், தானா வரும் நம்பிக்கை" என்றார் கோதண்டம்.

சேவியர் என்னைப் பார்த்த பார்வையில் 'மானத்தை வாங்காதே' என்று எழுதியிருந்தது. ஏறினேன். என் பக்கத்துக் கதவின் கைப்பிடி உடைந்து, வெளியிலிருந்து கம்பியால் கட்டியிருந்தது. சேவியர் ஓட்டினார், கோதண்டம் பின்னால் ஏறிக்கொண்டார்.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் இழுத்தது. பிறகு முகப்பில் சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார், நான் பார்த்ததையும் பார்த்தார். பெரிய சாலையை விட்டுக் கம்பெனிகள் பக்கம் திரும்பும் இடத்தில் சரக்கு ரயில் தண்டவாளம் ஒன்று சாலைக்குக் குறுக்கே போகும். கேட் கிடையாது. தண்டவாளத்தை நோக்கிச் சாலை மேடாக ஏறும். ஞாயிற்றுக்கிழமை ரயில் வராது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. மேட்டில் ஏறும்போது எஞ்சின் முனகியது, வெள்ளையாகப் புகை, ஒரு உலுக்கல், அப்படியே நின்றுவிட்டது. முன் சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் தண்டவாளத்தின்மேல்.

அவர் செல்ஃப் அடித்தார். உறுமக்கூட இல்லை, 'ங்ங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் அடித்தார். அப்போது ரயில் ஊதியது.

பின்னால் கோதண்டம் குதித்து ஓடும் சத்தம் கேட்டது. வண்டியை விற்க வந்தவர், குழந்தையோடு ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்தவர், என் பக்கத்துக் கதவைத் தாண்டித்தான் ஓடினார். அந்தக் கம்பியை அவிழ்க்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

என் பக்கம் திறக்காது. இறங்க வேண்டுமானால் சேவியர் முதலில் இறங்க வேண்டும். அவர் இறங்கவில்லை. "எட்த்துக்கும், இதோ எட்த்துக்கும்" என்று செல்ஃபையே அடித்துக்கொண்டிருந்தார். ஒரு எஞ்சினை நம்பியதற்காக, நம்பியது தப்பில்லை என்று காட்டுவதற்காக. நான் வாயைத் திறக்கவே இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தலையை மார்போடு அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாயிலிருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை என்று அவரும் சத்தியம் செய்கிறார். "பயத்துல ஊமையாயிட்டா" என்று அதை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். பின்னாலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. எங்கள் எஞ்சின் இல்லை, அது செத்துக் கிடந்தது. ஆழமான, கனமான, நன்றாக ஓடுகிற ஒரு டீசல் எஞ்சின் சத்தம். 'டம்' என்று பின்னால் ஒரு இடி. பிக்கப் முன்னால் நகர்ந்தது. நின்று, மறுபடியும் நகர்ந்து, தண்டவாளத்தைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியது. பின்னாலேயே லாரியும் தாண்டி வந்து நின்றது. முன்னால் ஓடிப்போன கோதண்டமும் நாங்களும் பார்க்க, சரக்கு ரயில் எங்களுக்குப் பின்னால் போனது. நீளமான ரயில்.

"லாரி உருண்டு வந்து இடிச்சிது, அவ்ளோதான்" என்றார் சேவியர், முதல் வார்த்தையாக.

காசிம் பாய் லாரியிலிருந்து இறங்கினார். முகம் சாம்பல் மாதிரி இருந்தது. "மேட்டுல இன்னாத்த உருளும் சேவியரு? உருண்டா பின்னால இல்ல போவணும்! நான் பிரேக்க முழுசா மிதிச்சுகினு கீறேன். வா, வந்து பாரு."

போய்ப் பார்த்தோம். மேட்டில் கறுப்பாக டயர் தேய்ந்த தடம், பிரேக் பிடித்த சக்கரங்களை இழுத்துக்கொண்டு போன மாதிரி. பாய் லாரியின் முன்மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தின் வழியாகத் தரை தெரிந்தது.

வண்டியை வாங்கவில்லை. கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்கி, சூடேற்றி வைத்துத் தலையில் கட்டப் பார்த்தார்கள் என்று காசிம் பாய் பிறகு விளக்கினார். அதற்குக் கோதண்டம் சொன்ன பதில், "பொம்பள ஏறினா இப்டித்தான், வண்டிக்கு ஆவாது." அதே வண்டியை வேறொருவருக்கு விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சேவியர் இன்னும் துறைமுகத்தில்தான் இருக்கிறார். கோயிலுக்குப் போனால் பெண்கள், "அந்தோணியார் புதுமைம்மா, ஒரு மெழுகுவர்த்தி ஏத்து" என்கிறார்கள். எதற்காக ஏற்றுவது? அற்புதம் செய்கிறவர் காலையிலேயே அந்த வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாமல் செய்திருக்கலாமே. யார் தள்ளினார்கள் என்று தெரியாமல் யாருக்கு நன்றி சொல்வது?

அன்று மாலை என் தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் குரலே இல்லை. எச்சில் விழுங்கினால் ரத்தம் கசிகிற மாதிரி எரிச்சல். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "யாரோட சண்டை போட்டீங்க? இப்படியா கத்துறது?" என்றார். சேவியர்தான் பதில் சொன்னார்: "இவளா? இவ சத்தம் போட்டே நான் கேட்டதில்ல டாக்டர்." பல நாள் சைகையில்தான் பேசினேன். குழந்தைக்குத் தாலாட்டுக்கூட இல்லை.

குரல் திரும்பி வந்தபிறகு ஒருநாள் காசிம் பாய் மீன் வாங்கிக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போனார். அவர் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்ற நினைப்பில் வாசலுக்கு வந்து, "வாங்க பாய், உள்ள வாங்க" என்று கூப்பிட்டேன். அன்று அவர் முன்னால் நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. என் குரலை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. மீன் பையைக் கீழே போட்டுவிட்டார்.

"அன்னிக்கு லாரிக்குள்ள என் காதுகிட்ட ஒரு பொம்பள கத்துச்சு, தங்கச்சி" என்றார், என்னை ஏறிட்டுப் பார்க்காமல். "கோவம்னா அப்டி ஒரு கோவம். 'பிரேக்க விடுடா, குழந்தை இருக்குடா முன்னால'ன்னுது. பயத்துல பிரேக்க இன்னும் அமுக்குனேன். அப்பத்தான் லாரி கெளம்புச்சு. யாரு கொரலுன்னு இத்தினி நாளா மண்டய ஒடச்சிகினு இருந்தேன். இப்பத்தான் தெரியுது." குனிந்து மீன் பையை எடுத்தார். "கடைசியா இன்னொண்ணும் சொல்லுச்சு. சேவியரப் பத்தி."

"என்ன சொல்லிச்சு பாய்?"

"அது எதுக்கும்மா இப்ப. பலிக்காம இருந்தா சரி."

கெஞ்சிக் கேட்டேன். சொல்லவில்லை. அவருடைய மனைவி மூலமாகவும் கேட்டுப் பார்த்தேன். அவளிடமும் சொல்லவில்லையாம். அந்த நொடியில் என் மனதில் என்ன இருந்தது என்று நானே யோசித்துப் பார்க்கிறேன். செல்ஃபை அடிக்கும் அந்தக் கை தெரிகிறது, அந்தக் கையின்மேல் எனக்கிருந்த கோபம் தெரிகிறது. அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

ஆயிற்று, மூன்று வருஷம். கணவர் நன்றாகத்தான் இருக்கிறார். வேளாவேளைக்குச் சமைத்துப் போடுகிறேன், சட்டை தேய்த்து வைக்கிறேன், லேசாகத் தலைவலி என்றாலும் தைலம் தேய்த்துவிடுகிறேன். மீன் வாங்கப் போகும் இடத்தில், கோயில் திருவிழாவில், எங்காவது காசிம் பாயைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. பார்க்கும்போதெல்லாம் அவர் நின்று சேவியரின் தோளைத் தொட்டு, "ஒடம்பு நல்லா கீதா, சேவியரு?" என்று கேட்கிறார். "எனக்கென்ன பாய், கல்லு மாதிரி கீறேன்" என்று இவர் சிரிக்கிறார்.

கேள்வி கேட்பது இவரிடம்தான். ஆனால் பதிலுக்காகப் பாய் பார்ப்பது என் முகத்தை.