மதிலடியில் பால் நேரம்

ஒரு குழந்தையின் பசிக்காக எத்தனை பேரைக் காக்க வைக்கலாம்? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்தில், கோயிலையும் நான்கு தெருக்களையும் வளைத்து நின்ற பழைய மதிலைப் பழுதுபார்த்தார்கள். மழைநீர் தேங்காமலிருக்க மதிலை ஒட்டி வடிகால் தோண்ட வேண்டும். தொல்லியல் படித்த எனக்கு ஒரே வேலை: கடப்பாரை விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது. பானை ஓடோ பழைய கட்டுமானமோ தென்பட்டால் நிறுத்தச் சொல்ல வேண்டும். நான் பார்க்காதபோது தோண்டக் கூடாது.

மகள் அப்போது கைக்குழந்தை. புட்டிப் பாலைத் துப்பிவிடுவாள். கணவருக்குத் தொழிற்சாலையில் பகல் ஷிஃப்ட் வந்தால், படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் அவளையும் தூக்கிக்கொண்டு போவேன். மண் சுமக்க வந்த உள்ளூர்ப் பெண்கள் வேப்பமரத்தில் தூளி கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் அழுதால் நான் போக வேண்டும். நான் போனால் வேலை நிற்கும். ஒவ்வொரு முறையும் கூசிப்போவேன்.

அன்று வானம் கறுத்திருந்தது. பாப்பா வீரிட்டாள். சூப்பர்வைசர், திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி, கையைப் பிசைந்தான்.

“யக்கா, மழை வந்துட்டுன்னா குழியில தண்ணி நின்னு மதிலு சரிஞ்சிரும்லா. நீங்க போங்க, நாங்க கொஞ்சம் தோண்டிக்கிடுதோம்.”

பெண்களில் மூத்தவர் மண்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். “இன்னாப்பா நீ? இம்மா வருசமா நிக்கிற மதிலு, பாப்பா பால் குடிக்கிற வரிக்கும் நிக்காதா? நீ மட்டும் கத்தாமயா குடிச்சே?”

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். ஆண்களை அழைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

மரத்தடி வரை போக மனம் வரவில்லை. பெண்களில் ஒருத்தி பாப்பாவைத் தூளியிலிருந்து தூக்கிவந்து கொடுத்தாள். குழியின் ஆழமில்லாத முனையில் உட்கார்ந்து, துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தேன். வெட்டிய மண் இப்போது என் கண்ணுக்கு நேராக இருந்தது. கறுத்த களிமண்ணுக்கும் மதிலுக்கும் நடுவே வெளிர்நிறமாக ஒரு கோடு. நகத்தால் கீறினேன். மணல் பொலபொலவென்று உதிர்ந்தது.

மதிலை மணல் படுக்கைமேல் எழுப்பியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே வெட்டினால் மணல் வெளியேறி, மதில் இறங்கிவிடும்.

“தம்பி! இங்க வா!” என்று கத்தியதில் குழந்தை திடுக்கிட்டு அழுதது. அவளை அணைத்துக்கொண்டே காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். “நல்லவேளைக்கா” என்றான், மெதுவாக. மழைக்கு முன்னால் எல்லாருமாக அந்த இடத்தை மண்போட்டு இறுக்கி, தார்ப்பாய் மூடினோம். பிறகு வடிகாலை மதிலைவிட்டு விலக்கித் தோண்டினார்கள்.

நின்று பார்த்தபோது ஏன் தெரியவில்லை என்று ஆட்டோவில் வழியெல்லாம் குடைந்தது. மகள் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

இப்போது மறைமலை நகர் தாண்டி இன்னொரு மதில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். குழந்தையைக் கொண்டுவரக் கூடாதாம். அவளுக்கு ஒன்றரை வயது; இட்லி தின்கிறாள், ஆனால் பால் இல்லாமல் பகலில் தூங்குவதில்லை. வேப்பெண்ணெய் தடவினால் மறந்துவிடுவாள் என்று மாமியார் போனில் சொல்கிறார். அவள் என்னிடமிருந்து முகம் சுளித்து விலகுவதை எப்படித் தாங்குவேன்? கசப்பு தடவாமல் பால் மறக்கச் செய்த அம்மாக்கள் இருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்களேன்.