ஒன்பதாம் வரிசை, அடித்தட்டு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். இது எனக்கே நடந்தது. யாராவது பேய் என்று ஆரம்பித்தால் "வேற வேலையே இல்லையா?" என்று கேட்கிற ரகம் நான். இப்போது அப்படிக் கேட்பதில்லை.

பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றில் எனக்கு எழுத்து வேலை. எந்தப் பொருள் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேமராக்களை வைத்துத் தேடிச் சொல்லும் கருவி ஒன்று அங்கே உண்டு. அதைப் பயன்படுத்துவது மனிதர்கள் அல்ல, ஏஐ ஏஜெண்டுகள் என்கிற, தானே வேலை செய்யும் கணினி நிரல்கள். அவற்றுக்காகக் கருவியின் விளக்கத்தை எழுதுவது என் பொறுப்பு. மனிதனுக்கு எழுதினால் முன்னே பின்னே இருந்தாலும் புரிந்துகொள்வான். ஏஜெண்டுக்கு எழுதியதுதான் சட்டம்.

அதே கிடங்கில் என் கொழுந்தனுக்கும் வேலை சொல்லி வைத்திருந்தேன். வீட்டில் அவனுக்குப் பெயர் வாலு. மாமியார் போன பிறகு என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். கொழுந்தன் என்று பேர்தான், எனக்கு அவன் மூத்த பிள்ளை மாதிரி. அடுத்த திங்கட்கிழமை சேருவதாக இருந்தான்.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மாடி அறையில் நான் மட்டும். 'தேடியது கிடைக்காவிட்டால்' என்ற பகுதிக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. ஒன்பதாம் வரிசையில் அப்போது சரக்கே ஏற்றவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று வரும், அதையே போட்டுவிடலாம் என்று ஏஜெண்டைத் தேடச் சொன்னேன்.

ஒரு முடிவு வந்தது.

"ஆள். எண்ணிக்கை: ஒன்று. இடம்: அடித்தட்டு. நிலை: உயிருடன்."

யாரோ விளையாடுகிறார்கள் என்று எரிச்சலோடு கீழே இறங்கினேன். அங்கிருப்பவை தண்டவாளத்தில் ஓடும் அடுக்குகள். ஏஜெண்ட் அவற்றைப் பூட்டும்போது இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திறந்தால் விலகும். ஒன்பதாம் வரிசை விரியத் திறந்து கிடந்தது.

குனிந்து பார்த்தேன். அடித்தட்டில் தூசி மட்டும். கையை விட்டும் துழாவினேன்.

டொக்... டொக்... டொக்...

விரல் முட்டியால் இரும்பைத் தட்டும் சத்தம். என் முகத்துக்கு நேரே.

தட்டு காலி.

"அண்ணீ..."

என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் உண்டு.

எப்படி மாடிக்கு வந்தேன் என்று தெரியாது. வாலுவுக்குப் போன் போட்டேன்.

"எங்கடா இருக்கே?"

"வீட்லதான் அண்ணி. இப்பதான் குளிச்சேன். ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

போன உயிர் திரும்பி வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த மேலாளரிடம் திரையைக் காட்டினேன். அவர் பல் குத்திக்கொண்டே பார்த்தார்.

"ஏதோ கோளாறும்மா. இந்த மாதிரி குப்பையெல்லாம் வந்தா ஏஜெண்ட் குழம்பிடும். சரக்கு அல்லாத எதையும் காட்டாதேன்னு விளக்கத்துல ஒரு வரி சேத்துடு. அவ்வளவுதான்."

எனக்கும் அது கண்ணில் படாமல் ஒழிந்தால் போதும் என்றிருந்தது. அந்த வரியை எழுதிவிட்டு மறுபடி ஏஜெண்டைத் தேடச் சொன்னேன்.

"முடிவு எதுவும் இல்லை."

அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

வாலு வேலையில் சேர்ந்தான். தலைகால் புரியவில்லை அவனுக்கு. சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்ததும் அப்படியே சிநேகிதர்களோடு ஊர் சுற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சனிக்கிழமை இரவு அந்தச் சிநேகிதர்களே போன் செய்து, அவன் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள்.

அவன் போன் அணைந்திருந்தது. என் கணவர் தெருத் தெருவாகத் தேடினார். நான் வீட்டிலிருந்தே ஏஜெண்டிடம் கேட்டேன். ஒன்பதாம் வரிசையில் யாராவது இருக்கிறார்களா?

"முடிவு எதுவும் இல்லை."

அந்த வரியை எழுதினவளே நான். பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன்.

திங்கட்கிழமை அடுக்குகள் விலகின. ஒன்பதாம் வரிசை, அடித்தட்டு. உள்ளே உருண்ட பெட்டியை எடுக்கத் தவழ்ந்து போயிருக்கிறான். அடுக்கு மூடியதில் கால்கள் இரண்டும் நசுங்கியிருந்தன. விரல் முட்டிகளில் தோலே இல்லை.

கருவியைப் பராமரிக்கும் டெக்னீஷியன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மூடறதுக்கு முன்னாடி வரிசையில ஆள் யாராவது இருக்காங்களான்னு ஏஜெண்ட் தேடும். அன்னிக்கும் தேடியிருக்கு. கருவி அவரைப் பாத்திருக்கு. அவரு சரக்கு இல்லையேன்னு ஏஜெண்ட் மறைச்சிடுச்சு. நீங்க எழுதின அந்த வரி..."

"முன்னாடியே ஒரு தடவை காட்டுச்சே," என்றேன். "அவன் சேரறதுக்கு முன்னாடி."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படி? அப்ப அந்த வரிசையில கேமராவே மாட்டலையே."

மாலையில் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். உயிர் உடனே போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் இருந்திருக்கிறது என்றார்.

நான் கேட்டது சனிக்கிழமை இரவு.