சாமிக்கு மிஷின் சாமை

எங்கள் ஊரில் வறுமையை ஒழிக்க முதலில் வந்தவை ஆடுகள். கல்வராயன் மலையில், கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிடும் இடத்துக்கும் மேலே இருந்தது எங்கள் ஊர். அரசாங்கம் அந்த மேட்டிலும் ஏற்றிக் கொண்டுவந்து, வீட்டுக்கு ஓர் ஆடு கொடுத்தது. ஆடு பெருகும், கூடவே நாங்களும் பெருகுவோம் என்பது ஏற்பாடு. பெருகுவதற்குள் ஒரு வீட்டில் காய்ச்சல் வந்தது. ஆடு ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போயிற்று. இன்னொரு வீட்டில் கலியாணம் வந்தது. ஆடு பந்திக்குப் போயிற்று. எங்கள் வீட்டு ஆடு ஒரு மழைக்காலத்தில் கூரையாக மாறி எங்கள் தலைக்கு மேல் ஏறிக்கொண்டது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இல்லாதவன் வீட்டில் ஆடு என்பது நான்கு காலில் நிற்கும் அவசரச் செலவு.

தப்பித்தது ஒரே ஆடு, மாமாவுடையது. மாமா என் அம்மாவுக்கு அண்ணன், ஊர்க் கவுண்டர். ஊர் வழக்கைத் தீர்ப்பதும் சாமி காரியத்தை நடத்துவதும் அவர் பொறுப்பு. அரசாங்கம் கொடுத்ததை விற்பது மரியாதை இல்லை என்பார். அத்தை வேறு காரணம் சொல்வாள்: "அது மூஞ்சியும் இவரு மூஞ்சியும் ஒண்ணா இருக்குது. எப்பிடி விப்பாரு?"

அடுத்த முறை ஜீப்பில் ஒரு மேடம் வந்தார். மகளிர் குழுவைக் கூட்டி உட்காரவைத்து, இந்தத் தடவை உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அதற்கு முன் எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லையாதலால் பெண்கள் குழம்பிப்போய், "ஆடே குடுங்க" என்றார்கள். என் அம்மா மட்டும் எழுந்து, "சாமை குத்துற மிஷினு" என்றாள்.

சாமையைச் சோறாக்குவது எப்படி என்று இன்று அதைப் பாக்கெட்டில் வாங்கிச் சாப்பிட்டு உடம்பை இளைக்கவைக்கிறவர்களுக்குத் தெரியாது. சாமை தன் உமியை லேசில் விடாது. உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, சூரியன் மலைக்கு மேலே வரும்போது ஒரு வேளைச் சோற்றுக்கான அரிசி கையில் வரும். மறுவேளைக்கு மறுபடி உரல். ஆண்கள் சாமை குத்துவதில்லை. பெண் பிள்ளைகள் உலக்கையைத் தூக்கும் உயரம் வந்ததும் குத்துவார்கள். நான் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் உலக்கைக்குப் பதவி உயர்வு பெற்றிருந்தேன்.

பெற்றதோடு நிற்கவில்லை; புகழும் அடைந்தேன். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒரே உரலில் மாற்றி மாற்றிக் குத்தும்போது என் உலக்கை தாளம் தவறியதே இல்லை. "கவுண்டரு மருமவ குத்துனா சாமை ஒண்ணுகூட ஒடையாது" என்று ஊரில் பேச்சு. பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படி ஒரு பெயர் கிடைத்ததில்லை. அங்கே என்னைப் பற்றி வாத்தியார் சொன்னது வேறு. அதை இங்கே எழுதி யாருக்கு என்ன லாபம்?

மிஷின் வந்தது. பச்சை வண்ணம், மேலே வாய், கீழே மூக்கு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு, கரண்டு இழுத்து, மேடம் தன் கையாலேயே ஓட்டிக் காட்டினார். நான் ஒரு காலை முழுக்கக் குத்துகிற சாமையை அது நாங்கள் வாய் பிளந்து மூடுவதற்குள் உமி நீக்கித் துப்பியது. எனக்கு அழுகை வந்தது. என் அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருந்ததைப் பார்த்து இன்னும் பெரிதாக வந்தது.

அன்றே அம்மா சொல்லிவிட்டாள்: "மிஷினு ஓடுனா நீ கீழ தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போற. மேடம் சேத்துவுடறன்னு சொல்லிட்டாங்க."

"ஓடலன்னா?"

"ஓடலன்னா என்ன மாதிரி ஆவ."

எனக்கு அம்மா மாதிரி ஆவதில் எந்த ஆட்சேபமும் இருக்கவில்லை.

மிஷின் ஓடவில்லை. அதில் பழுதொன்றும் இல்லை. புதுச் சாமையை முதலில் சாமிக்குப் பொங்கிப் படைத்த பிறகுதான் ஊரில் யாரும் வாயில் வைப்பது வழக்கம். சாமிக்கான சாமையை வயசுக்கு வராத பெண் பிள்ளை தலைக்குக் குளித்து, பட்டினியாக இருந்து, கையால் குத்த வேண்டும். அந்த வருஷம் அந்தப் பெருமை எனக்கு என்று முடிவாகியிருந்தது. சாமியே கைக்குத்தல் சாப்பிடும்போது மனிதன் மிஷின் சாமை சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்க, ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. கொட்டகைப் பக்கம் ஒரு முறம் சாமைகூட வரவில்லை. மேடம் மறுபடி வந்தார். பொங்கல் படைத்த பிறகும் ஓடாவிட்டால் மிஷினை வேறு ஊருக்குக் கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். நான் அன்று இரண்டு மடங்கு சோறு தின்றேன்.

படையலுக்கு முன்னால் ஊர் கூடியது. அம்மா எழுந்து நின்றாள். பெண்கள் அங்கே உட்கார்ந்து கேட்பார்கள், நிற்பது புதுசு.

"யண்ணா, சாமி உங்கிட்ட வந்து மிஷினு வேணாம்னு சொல்லிச்சா?"

"வேணும்னு உங்கிட்ட சொல்லிச்சா?" என்றார் மாமா.

"கன்னிப் பொண்ணு கை படணும், அவ்ளோதான? எம் பொண்ணு சுச்சுப் போடுவா. அதுவும் அவ கைதான்?"

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அத்தையும் சிரித்தாள், சிரித்தபோது முந்தானையை இடது கையால் இழுத்து வாயை மூடினாள். அவளுக்கு வலது கை தோளுக்கு மேலே போகாது. உலக்கை பிடித்துப் பிடித்து அப்படி ஆனது என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் கை அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன், ஒருத்தருக்கு மூக்கு நீளம் என்பது மாதிரி.

ஆண்கள் பக்கம் சிரிப்பு இல்லை. "இன்னா கவுண்டரே, தங்கச்சி பாட்டுக்கு ஆடப் போறியா?" என்று ஒரு குரல் வந்தது.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "நானும் ஆடல, அவளும் ஆட வேணாம். சாமியவே கேட்டுரலாம். பூ போடுங்க."

பூப் போடுவது எங்கள் ஊரின் கடைசி நீதிமன்றம். வெள்ளைத் தும்பையை ஓர் இலையிலும் சிவப்பு வெட்சியை ஓர் இலையிலும் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். குழந்தை ஒன்று கண்ணை மூடி ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு என்றால் இல்லை. மாமா கோயிலுக்குள் போய்ப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். எடுப்பதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு நான் வேண்டியது இன்றும் நினைவிருக்கிறது. சாமி, சிவப்புக் குடு. உனக்கு ஒடையாத சாமையா குத்திப் போடுறன். வருஷா வருஷம் நானே குத்துறன். அம்மாவின் மூச்சு சத்தம் கேட்டது. அவளும் வேண்டிக்கொண்டிருந்தாள். சாமியின் நிலைமை தர்மசங்கடமானதுதான்.

எடுத்தேன். மாமா பிரித்தார். தும்பை.

பெண்கள் குலவை போட்டார்கள். வழக்கப்படி மற்றப் பொட்டலத்தையும் பிரித்துச் சிவப்பைக் காட்ட வேண்டும். "அந்தப் பொட்டலம்?" என்று அதே குரல் கேட்டது. மாமா அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, "சாமி சொன்னப்புறம் சாமியவே சோதிக்கறியா? போய்யா, போயி அடுப்பு மூட்டு" என்று அதட்டினார். தலைக்குக் குளித்து, பட்டினியோடு, ஈர முடி முதுகில் சொட்ட, நான் போய்ச் சுவிட்சைப் போட்டேன். என் பதவி போய்ச் சேர்ந்த சத்தம் கடகடவென்று கேட்டது. அன்று பொங்கலில் ஒரு கல்கூட இல்லை என்று சாமி சார்பில் ஊரே பாராட்டியது.

கோபத்தில் சாப்பிடாமல் மாமா வீட்டுக் கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கே அந்த அரசாங்கத்து ஆடு எதையோ மென்றுகொண்டிருந்தது. மாமா மடியில் செருகிக்கொண்டு வந்து எருக்குழியில் போட்ட அந்த இலைப் பொட்டலத்தைக் கிளறி எடுத்திருந்தது. இலை பாதி உள்ளே போயிருந்தது. மீதியிலிருந்து பூ உதிர்ந்தது. குனிந்து பார்த்தேன். தும்பை. வெள்ளை வெளேரென்று தும்பை. ஒரு வெட்சி இதழ்கூட இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. என்னை ஊரைவிட்டு அனுப்புவதில் சாமி எவ்வளவு பிடிவாதமாக இருந்தால், நான் எதை எடுத்தாலும் தப்பிவிடக் கூடாது என்று சிவப்பையும் வெள்ளையாக மாற்றியிருக்கும்! இதற்கு மேல் சாமியோடு சண்டை போட்டுப் பயனில்லை என்று உள்ளே போய்ப் பொங்கலைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இப்போது சமூக மேம்பாடு பற்றிக் கூட்டங்களில் பேச என்னைக் கூப்பிடுகிறார்கள். திரையில் வட்டங்கள், அம்புக்குறிகள் எல்லாம் வரும். வறுமை ஒரு முனையில் புறப்பட்டு மறுமுனையில் ஒழிந்துபோகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த அம்புகளில் எது மாமா என்று நான் ஒவ்வொரு தடவையும் தேடுவேன்.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய அன்று மாமாதான் என் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை வந்தார். வழி முழுக்க மிஷினைத் திட்டினார். சத்தம் தாங்கல என்றார். சோத்துல ருசியே இல்ல, உங்க அத்த வேற காலங்காத்தால சும்மா உக்காந்துக்கினு என்னயே பாத்துக்கினு இருக்கறா என்றார்.

"மாமா, சாமி எதுக்கு ரெண்டு பூவையும் வெள்ளையாக்குச்சு?"

மாமா நின்றார். பெட்டியை இறக்கி, மறுபடி தூக்கி வைத்துக்கொண்டார்.

"யாரு சொன்னா?"

"உங்க ஆடு துண்ணுச்சு. நான் பாத்தன்."

"அப்ப ஆட்டையே கேளு" என்றார்.

பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பெட்டி அவ்வளவு கனம் போலிருக்கிறது, பாவம் மாமா என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இரண்டு பாவாடையும் ஒரு தட்டும்தான் இருந்தன.