மந்திரவாதி வந்தால் தண்ணீர்

ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் மகள் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தாள். நான் சின்ன வயதில் ஆடிய கேமின் புதுப் பாகம். மந்திரவாதி தோன்றும் அந்தக் கிணுகிணுச் சத்தம் கேட்டதும் என் கால்கள் தாமாகச் சமையலறைப் பக்கம் திரும்பின.

தென்னூரில் பெரியப்பா வீட்டில் கேட்ட அதே சத்தம். கோடை விடுமுறை முழுக்க அங்கேதான் இருப்பேன். சூடேறிய டிவியில் தூசி கருகும் வாசனை வரும். ரயில்வே பட்டறைக்குக் கிளம்பும்போதே பெரியப்பா சட்டம் போட்டுவிடுவார்: "செத்தா அடுத்தவங்க கையில குடுத்துடணும். சண்டை கூடாது."

நான் எப்போதும் அந்த மந்திரவாதியிடம்தான் சாவேன். "அவன் வந்தா நிக்காத, ஓடு" என்பான் பெரியப்பா மகன் சேகர் அண்ணன். ஓடுவேன். முதுகில் நெருப்பு விழும். "பாவம்டி நீ" என்று தலையைத் தடவிவிட்டு ஜாய்ஸ்டிக்கை வாங்கிக்கொள்வான். அவன் ஆடும்போது மந்திரவாதி வந்தால் மட்டும் அவனுக்குத் தாகம் எடுக்கும். பானைத் தண்ணீரோடு நான் திரும்புவதற்குள் மந்திரவாதி செத்திருப்பான்.

மகள் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே கேடயத்தைத் தூக்கினாள். நெருப்பு திரும்பிப் போய் மந்திரவாதியையே எரித்தது.

"அவ்வளவுதாம்மா. ஓடினாத்தான் சாவோம்."

அத்தனை கோடையும் என் தலையைத் தடவிய கை! உடனே அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னுமா அது தெரியாம இருந்த? நீதான் நான் என்ன சொன்னாலும் நம்புவியே!"

போனை வைத்தேன். தொண்டை வறண்டிருந்தது. சமையலறைக்குப் போகத்தான் கால் எழவில்லை.