ஐந்தாம் வால்வின் பொட்டு

1938 ஆகஸ்டு 9 — ரூ. 5-4-0
1940 மார்ச் 18 — ரூ. 7-8-0
1941 டிசம்பர் 22 — ரூ. 12-0-0
1942 ஜூன் 4 — ரூ. 35-0-0
1942 நவம்பர் 3 — ரூ. 35-0-0, மணியார்டர் திரும்பியது. சரக்கு இல்லை.

எல்லாம் ஒரே வகை வால்வின் விலை. உயரம் ஒரு விரல் அளவு. மேலே கண்ணாடிக் குமிழ், அதன் அடியில் கறுப்புப் பட்டை, பட்டைக்குக் கீழே எட்டுக் கால்கள். இப்படி ஐந்து வால்வுகள் உள்ளே நின்றால்தான் அந்த ரேடியோப் பெட்டி பேசும். சென்னையிலிருந்து மணியார்டர் திரும்பி வந்த அன்று, புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ரேடியோ பழுது பார்த்துவந்த ஜெகபர் அலி அந்தச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பகல் பதினொரு மணிக்கே கடையைப் பூட்டி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். மனைவி ரஹீமா பீவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. பயம்தான்.

அவர் பிறந்தது 1904இல், கோட்டைப்பட்டினத்தில். பதினாறு வயதில் பினாங்குக்குக் கப்பல் ஏறினார். கிராமபோன் கடையில் கூட்டிப் பெருக்கத் தொடங்கி, அதே கடை ரேடியோ விற்க ஆரம்பித்தபோது பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். 1936இல் ஊர் திரும்பிக் கடை போட்டார். கடலுக்கோ பாம்புக்கோ பயந்தவரில்லை. பினாங்கில் கடை தீப்பிடித்தபோது உள்ளே புகுந்து கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்தவர். அவருடைய பயமெல்லாம் கண்ணாடிக்குத்தான்.

அந்தப் பயம் பிடித்த நாள் 1937 பிப்ரவரி 11. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் வீட்டில், இறுகிப்போன வால்வொன்றைக் குமிழோடு சேர்த்துப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்து இழுத்தார். குமிழ் மட்டும் கையோடு வந்தது. பட்டை பெட்டியிலேயே நின்றது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழைக் கம்பிகள் நான்கு அறுந்து நடுங்கின. தாசில்தார் திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, இவர் கையைப் பார்த்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எட்டு நாள் ஜெகபர் அலி எந்தப் பெட்டியையும் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு பனஞ்சிராயைச் சீவ உட்கார்ந்தார்.

அன்று தொடங்கிய வேலை மூன்று கருவிகளாக முடிந்தது. முதலாவது இடுக்கி. ஒன்பது அங்குல நீளத்தில் இரண்டு பனஞ்சிராய்கள். ஒரு முனையில் சைக்கிள் கம்பியால் இணைப்பு, மறு முனையில் சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றிய பித்தளை நகங்கள். இது கண்ணாடியைத் தொடாது, கறுப்புப் பட்டையை மட்டும் அடியில் கவ்வும். நடுவில் ஒரு வளையம். அதைக் கீழே தள்ளினால் பிடி இறுகி நிற்கும், கை நடுங்கினாலும் பிடி மாறாது. இரண்டாவது, எட்டுத் துளை போட்ட தேக்குக் கட்டை. வளைந்த கால்களை அதில் இறக்கினால் நேராகிவிடும். மூன்றாவது, கால்கள் போய் உட்காரும் குழிகளைச் சுரண்ட மாட்டுக் கொம்பில் இழைத்த ஊசி. மூன்றையும் காடாத் துணியில் சுருட்டி வைத்திருப்பார்.

வேலை செய்யும் முறையும் ஒன்றுதான். முதலில் வால்வின் பட்டையிலும் அதற்கு நேரே பெட்டியின் தகட்டிலும் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. பிறகு இடுக்கி. அசைக்கக் கூடாது, திருகக் கூடாது, நேர் மேலே ஒரு நெல் அளவு. பினாங்கு வழக்கப்படி மலாயில் நாலு எண்ணுவார்: சத்து, துவா, தீகா, அம்பாட். கையை எடுத்துவிட்டு மறுபடியும் ஒரு நெல் அளவு. ஐந்தரை ஆண்டுகளில் இப்படி எடுத்துப் பொருத்திய வால்வுகள் 612. ஒன்றுகூட உடையவில்லை. இருந்தும் ஒவ்வொன்றுக்கும் பயந்தார்.

திரும்பி வந்த மணியார்டர், மீனம்மாள் என்பவளின் ரேடியோப் பெட்டிக்காகப் போட்டது. திருமயத்துக்கு வடக்கே இரண்டு மைலில் அவள் வீடு. கணவன் ராசு இறந்து பத்து வருடம். ஒரே மகன் ஆத்மநாதன் கார் டிரைவர். 1940இல் பட்டாளத்தில் சேரும்போது, முதலாளி வீட்டில் கழித்த பேட்டரி ரேடியோவைக் கேட்டு வாங்கித் தாய்க்குத் துணையாக வைத்துவிட்டுப் போனான். பட்டாளம் அவனை அனுப்பிய சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் ஜப்பானியரிடம் விழுந்தது. மகன் இருக்கிறானா என்பதற்கு ஒரு வரிகூட வரவில்லை. அக்டோபரில், சரஸ்வதி பூஜை முடிந்த இரண்டாம் நாள் ரேடியோவும் ஊமையானது. மாற்று வால்வு கையில் இல்லாமல் அந்தப் பெட்டியைத் தொடமாட்டேன் என்று ஜெகபர் அலி சொல்லி அனுப்பியிருந்தார்.

நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்கு, மீனம்மாளின் கொழுந்தன் மகன் சோலையப்பன் கடைக்கு வந்தான். திருமயம் பஸ்ஸில் கண்டக்டர்.

“ராவுத்தரே, கடையைச் சாத்துங்க. பஸ்ஸு கரியள்ளிப் போட்டுட்டு நிக்கிது.”

“எங்கிட்டு?”

“எங்க பெரியாத்தா வீட்டுக்கு. இன்னிக்குச் சாயந்தரம் ஆறரைக்குச் சிங்கப்பூர் ரேடியோவுல, பிடிபட்ட தமிழாளுக பேரெல்லாம் வாசிக்கிறானாம். நேத்தே சொல்லிட்டான். காரைக்குடியில கேட்டவுக சொன்னாக.”

“அப்ப காரைக்குடியிலயே போயிக் கேக்க வேண்டியதுதானே?”

“போனேனே! எதிரி ரேடியோவக் கேட்டா போலீஸுக்காரன் பெட்டியையும் தூக்கிருவான், ஆளையும் தூக்கிருவான்ல. எங்க வீட்டுல ரேடியோவே இல்லேன்னு சத்தியம் பண்றாரு அந்த வீட்டுக்காரரு. மச்சில ஏரியல் கம்பி கட்டி, அதுல வேட்டி காயுது.”

“மாத்து வால்வு இல்லையே, சோலையப்பா.”

“இப்ப மட்டும் அந்தப் பொட்டி பேசுதாக்கும், நீங்க கெடுத்துரப் போறீங்க?”

 எந்தக் கால் எதுவென்று அளந்து சொல்லும் மீட்டர், ஊசி பழுதாகித் திருச்சிக்குப் போயிருந்தது. ஜெகபர் அலி காடாச் சுருளையும் சாக்குக்கட்டி, கத்தி, ஸ்பிரிட் புட்டியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பெட்ரோல் கிடைக்காத அந்நாளின் கரிவாயு பஸ் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கியது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு பத்து.

பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். ஐந்து வால்வுகளுக்கும் சந்தனம் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. கண்ணாடியில் வழிந்த சந்தனம் பட்டையைத் தாண்டிக் குழிகளுக்குள் இறங்கி, மண்சுவர் மாதிரி காய்ந்திருந்தது.

“ஆத்தா, இது யாரு செஞ்சது?”

“நாந்தேன்” என்றாள் மீனம்மாள். “அஞ்சு பேரு சேந்துதான் பேசுறாகன்னு அவென் சொல்லிட்டுப் போனான். பூசையன்னிக்கு அருவாமனைக்கு வச்சேன், உலக்கைக்கு வச்சேன். பேசுறவுகளுக்கு வைக்காம இருக்கலாமா, ராவுத்தரே?”

ஜெகபர் அலி பேட்டரிக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஐந்து வால்வுக்கும் கோடு போட்டார். முதல் நான்கும் நெல் நெல்லாக எழும்பி வந்தன. குழிகளைக் கொம்பு ஊசியால் சுரண்டினார். ஐந்தாவது வால்வு அசையவில்லை. சந்தனம் அதிகமாக வழிந்திருந்தது அதில்தான். ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருந்தார். சத்து, துவா, தீகா, அம்பாட். மறுபடியும். பதினேழாம் தடவை, உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

கைகள் அப்படியே நின்றன. தாசில்தார் கண்ணாடியைத் துடைத்தது ஞாபகத்துக்கு வந்தது. மெல்ல இடுக்கியை உயர்த்தினார். குமிழ் முழுசாக இருந்தது. கால்கள் எட்டும் இருந்தன. ஆனால் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டிய குச்சி இல்லை. அது முறிந்து குழியிலேயே நின்றுவிட்டது. சுரண்டி எடுத்தபோது நாலு துண்டாக வந்தது.

அந்தக் குச்சியில் ஒரு பல் உண்டு. வால்வு எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று காட்டுவது அந்தப் பல்தான். அது இல்லாவிட்டால் எட்டுக் கால்களும் எட்டு விதமாக உள்ளே போகும். ஒன்றுதான் சரி. தவறிப்போனால், தொண்ணூறு வோல்ட் பேட்டரி ஒன்றரை வோல்ட் தாங்கும் மயிரிழையில் பாய்ந்துவிடும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது.

சாக்குக்கட்டிக் கோடு இருக்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, குமிழை வெறும் துணியாலும் பட்டையையும் கால்களையும் ஸ்பிரிட்டாலும் துடைத்து, தேக்குக் கட்டையில் இறக்கி நேராக்கினார். எல்லாம் முடிந்து விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சந்தனத்தைத் துடைத்த துணியிலேயே கோடும் போய்விட்டது. தகட்டில் கோடு இருந்தது. வால்வில் இல்லை. 612 வால்வுகளில் ஒருமுறைகூடச் செய்யாத பிழை. மணி ஐந்து ஐம்பது.

ஜெகபர் அலி வால்வைத் துணியின் நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“என்ன ராவுத்தரே, பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?” என்றான் சோலையப்பன்.

“ஆத்தா, தப்புப் பண்ணிட்டேன்” என்றார் அவர். நடந்ததைச் சொன்னார். எட்டு விதம், ஒன்றுதான் சரி என்பதையும் ஒளிக்கவில்லை.

சோலையப்பன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, பெரியாத்தாளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். அவள் வால்வுக்கு எதிரே குந்தினாள்.

“நான் வச்ச பொட்டு எங்க?”

“தொடச்சுட்டேன்.”

“அஞ்சுக்கும் நேரா மொகத்துலதான் வச்சேன். இந்தா, இப்பிடிக் குந்திக்கிட்டு, பின்னாடியிருந்து. கோணலா வைப்பேனா? சாமிக்கு யாராச்சும் காதுல பொட்டு வைப்பாகளா?”

ஜெகபர் அலி நிமிர்ந்தார். மற்ற நான்கு வால்வுகளையும் ஒவ்வொன்றாக விளக்கருகே கொண்டுபோனார். அவற்றில் பொட்டும் இருந்தது, கோடும் இருந்தது. கோட்டைத் தகட்டின் கோட்டோடு பொருத்திப் பார்த்தார். நான்கிலும் பொட்டு நேர் பின்பக்கம் பார்த்து நின்றது. ஒரு நூல்கூட விலகவில்லை. அவள் சொன்னது சரி. ஆனால் ஐந்தாவதில் பொட்டே இல்லையே.

பட்டையைத்தான் ஸ்பிரிட்டில் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தது வெறும் துணியால். சந்தனம் எண்ணெய்ப் பசை உள்ளது; பொட்டு வைக்க விரல் அழுத்திய இடத்தில் அது தங்கியிருந்தால் அங்கே ஆவி படியாது. அவர் வால்வை இடுக்கியில் கவ்வி, வாயருகே கொண்டுபோய், கண்ணாடி மேல் ஹா என்று ஊதினார். குமிழ் முழுக்க ஆவி படிந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் படியவில்லை. அங்கே விரல் நுனி அகலத்தில் ஒரு வட்டம் தெளிவாக நின்றது. இரண்டு நொடியில் மறைந்தது.

“இன்னொருக்க ஊதுங்க” என்றாள் மீனம்மாள்.

ஊதினார். அதே இடம். மூன்றாம் முறை ஊதி, வட்டத்துக்கு நேர் கீழே பட்டையில் கத்தி நுனியால் கீறினார். சாக்குக்கட்டியை அவர் மறுபடி தொடவில்லை.

இறக்குவதற்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. கீறல் பின்பக்கம் பார்க்க, எட்டுக் கால்களும் எட்டுக் குழிகளின் வாயில் நின்றன. ஒரு நெல். நாலு எண்ணிக்கை. ஒரு நெல். கடைசியில் பட்டை தகட்டைத் தொட்டது. மற்ற நான்கையும் வைத்தார். ஆறு இருபத்தாறு.

பேட்டரிக் கம்பியின் முனையை எடுத்தவர், அரை அங்குலம் விட்டு நிறுத்திவிட்டார். 

“சோலையப்பா, வாசல்ல நில்லு. யாராச்சும் வந்தா இருமு.”

“காலையிலேருந்து கரிப்புகை குடிச்சிருக்கேன். வரலேன்னாலும் இருமுவேன்” என்று சொல்லிக்கொண்டே அவன் போனான்.

“ஆத்தா, இது கருகிருச்சுன்னா வேற கெடையாது. சென்னையிலயும் இல்ல.”

“வைங்க, ராவுத்தரே.” அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். “கருகிட்டா, எனக்கு இன்னிக்கும் நேத்து மாதிரித்தேன். வைங்க.”

வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. சத்து, துவா, தீகா, அம்பாட். ஒன்றுமில்லை.  பிறகு பெட்டிக்குள்ளிருந்து, மணலைச் சொரிவதுபோல் ஓர் இரைச்சல் எழுந்தது. முள்ளைத் திருப்பினார். தூரத்தில் ஒரு தமிழ்க்குரல், அலைமேல் ஏறி இறங்கி, பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது.

மீனம்மாள் பெட்டியோடு காதை வைத்துக்கொண்டாள். வாசலில் சோலையப்பன் இருமினான். ஜெகபர் அலி சத்தத்தைக் குறைத்தார். வெளியே ஒரு மாட்டுவண்டி கடந்து போயிற்று. அந்த நேரத்தில் மூன்று பெயர்கள் கேட்காமல் போயின. அந்த மூன்றில் ஒன்றாக இருந்துவிட்டால்? இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முப்பது, முப்பத்தைந்து என்று அவர் விரல்களை மடக்கிக்கொண்டே வந்தார். நாற்பத்தோராவது பெயர்:

“ஆத்மநாதன், டிரைவர். தகப்பனார் ராசு. புதுக்கோட்டை சமஸ்தானம், திருமயம் தாலுகா. சுகம்.”

மீனம்மாள் அழவில்லை. பின்பக்கம் போய்க் குந்தி, ஐந்தாவது வால்வைப் பார்த்துக் கைகூப்பினாள். பிறகு குங்குமச் சிமிழை எடுக்க எழுந்தாள்.

“ஆத்தா! வேணாம்!” என்று ஜெகபர் அலி போட்ட சத்தத்தில், வாசலில் நின்ற சோலையப்பன் போலீஸ் என்று நினைத்துக் கொல்லைப்பக்கம் பாய்ந்துவிட்டான்.

அன்றோடு ஜெகபர் அலி சாக்குக்கட்டியை விட்டார். எந்த வால்வை எடுப்பதற்கு முன்னும் பட்டையில் கத்திக் கீறல்தான். பயம் போகவில்லை. சண்டை முடியும்வரை மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய், பின்பலகையைத் திறந்து, தொடாமல் பார்த்துவிட்டுத் திரும்புவார். மீனம்மாள் அதற்குப் பிறகு பெட்டியின் மேல் பலகையில் மட்டுமே பொட்டு வைத்தாள்.

முகாமிலிருந்து ஆத்மநாதனின் அட்டைகள் இரண்டு வந்தன: 1943 ஜூலை 6, 1944 மே 23. பிறகு ஒன்றரை ஆண்டு எதுவும் இல்லை. வால்வுக்குப் பொட்டு வைத்த கதையை மீனம்மாள் பதில் அட்டையில் எழுதச் சொல்லியிருந்தாள். மூன்றாவதாக ஒரு கடிதம் வந்தது. “கப்பல் ஏறுகிறேன். ரேடியோவின் பின்பக்கத்தை யாரும் தொட வேண்டாம்” என்று அதில் எழுதியிருந்தான். அதன் பிறகு அவனிடமிருந்து கடிதம் கிடையாது, அவனே வந்துவிட்டான். அந்தக் கடைசிக் கடிதம் மீனம்மாள் கைக்கு வந்தது 1945 அக்டோபர் 29, திங்கட்கிழமை.