நீலாவின் கையை விட்ட பிறகு

செஞ்சிக்கு வந்த முதல் வாரம், காலையில் பால் ஊற்ற வந்த பெண் படியில் நின்றபடியே "உங்க நைனா இருக்காரா?" என்று கேட்டாள். ரங்கூனில் எங்கள் தெருவில் நைனா முகம்மது என்று ஒரு துணிக்கடைக்காரர் இருந்தார். அவரைத் தவிர எனக்கு வேறு நைனாவைத் தெரியாது. "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்களே" என்றேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டச்சுப் பொறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த அப்பாவை அவள் ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், இறங்கிப் போய்விட்டாள். மாலைக்குள் பஜார் முழுக்கப் பேச்சு. பர்மாவிலிருந்து வந்த பெண் பெற்ற தகப்பனையே இல்லை என்று சொல்லிவிட்டாளாம். இங்கே நைனா என்றால் அப்பா. எங்கள் தாய்மொழி என்று நம்பி வந்த மொழியிலேயே நாங்கள் இப்படித்தான் இடறி விழுந்துகொண்டிருந்தோம். கப்பலில் வந்து வேறு வேறு ஊர்களில் சிதறிப்போன உங்களுக்கும், வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட உங்களுக்கும் இது புரியும்.

மதராஸில் இறங்கியபோது சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். அப்பா, தாம் பார்த்தேயிராத ஓர் ஊரைச் சொன்னார். தாத்தா தளவானூர்ப் பக்கத்துக்காரர். அங்கே போய் விசாரித்தபோது தாத்தாவின் பெயரைக் கேள்விப்பட்டவர்கூட ஒருவரும் இல்லை. ரங்கூனில் அப்பா கப்பல் கம்பெனிகளுக்குத் தட்டச்சுப் பொறி பழுதுபார்த்தவர். அந்தக் கைவேலையை நம்பி, பக்கத்திலிருந்த செஞ்சியின் பஜாரில் ஓர் எண்ணெய்க் கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்து, இரண்டு ஆங்கிலப் பொறியும் ஒரு தமிழ்ப் பொறியுமாக இன்ஸ்டிடியூட் ஆரம்பித்தார். ஊர் அவருக்கு 'பர்மா மாஸ்டர்' என்று பெயர் வைத்தது. மாடி ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி தெரியும். ரங்கூனில் உயரமாக நின்றது புத்தர் கோபுரம், பொன்னாக மின்னும். இங்கே உயரமாக நின்றது, யாரோ கொட்டிவிட்டுப் போனது போன்ற கரும்பாறைக் குவியல். அதன் தலையில் ராஜா இல்லாத கோட்டை.

எங்களோடு வராதவள் அம்மா. அவள் பர்மாக்காரி. தமிழ் அவளுக்குக் கடைசிவரை அரைகுறைதான். கப்பலில் இடம் கேட்டு நாங்கள் பெயர் கொடுத்திருந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தாள். எங்களோடு வந்தவள் என் தங்கை நீலா. அப்போது அவளுக்கு எட்டு வயது. அவள் பேச மாட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் கீழே கடையில் யாராவது எண்ணெய் டின்னைத் தரையில் இழுத்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். ரங்கூனில் அவள் இழுக்கும் இழுப்பிலேயே அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிடும். இழுப்பு சமையலறைப் பக்கம் என்றால் பசி, வாசல் பக்கம் என்றால் ஆறு. அம்மா போன பிறகு நீலா இழுக்கும் பக்கமெல்லாம் சுவராக இருந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவளை வெகுநேரம் பார்த்துவிட்டு 'ஆட்டிசம்' என்று ஒரு சொல்லைச் சொன்னார். "பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. பிறவியிலேயே இப்படி. வைத்தியம் கிடையாது, பழக்கலாம்" என்றார். எப்படிப் பழக்குவது என்பது அவருக்கும் தெரியவில்லை.

வழி காட்டியது தமிழ்ப் பொறிதான். மாணவர்கள் அடித்துக்கொண்டிருக்கும்போது நீலா வந்து அதன் பக்கவாட்டில் காதை ஒட்டிவைத்துக்கொள்வாள். மற்ற சத்தங்களுக்குக் கத்துகிறவள் அந்தச் சத்தத்துக்கு மட்டும் அமைதியானாள். அப்பா அதைக் கவனித்தார். ஒரு மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி, விளிம்பைத் தேய்த்து, விசைப்பலகையின் மேல் மூடிபோலப் பொருத்தினார். அதில் மூன்று நான்கு துளைகள் மட்டும். விரல் துளைக்குள் போனால்தான் எழுத்து விழும், கை தடுமாறினாலும் பக்கத்து எழுத்து விழாது. அவள் எழுத்தைத் தொட்டதும் அதன் ஒலியை உரக்கச் சொல்வது என் வேலை. "ப" என்பேன். மறுபடி அடிப்பாள். "ப." ஒரு காலைப்பொழுது முழுக்கப் 'ப'வாகவே போகும். தொண்டை கட்டிப்போகும். அந்த எழுத்துகள் பழகியதும் அப்பா இன்னும் சில துளைகள் போடுவார். அடுத்த மழைக்காலத்துக்குள் தகட்டில் துளைகள் பெருகி, தகடே தேவையில்லாமல் போயிற்று.

ஒருநாள் நானாக ஒன்றும் சொல்லாமலேயே அவள் இரட்டைக் கொம்பை அடித்தாள். பிறகு 'ய'. காகிதத்தில் 'யே' என்று விழுந்தது. அடுத்த வரியில் மறுபடி 'யே'. வாடகை வாங்க வந்திருந்த கன்னியம்மாக்கா, எண்ணெய்க் கடைக்காரரின் மனைவி, எட்டிப் பார்த்து, "இன்னா பாப்பா, யார ஏய் ஏய்னு கூப்புடுது?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பர்மிய மொழியில் யே என்றால் தண்ணீர். ஓடிப்போய்ச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். நீலா வாங்கி மடமடவென்று குடித்தாள். அம்மா போன பிறகு அவள் ஒன்றைக் கேட்டு, கேட்டது அவளுக்குக் கிடைத்தது அன்றுதான்.

நான் அர்த்தம் சொன்னதும் கன்னியம்மாக்காவின் முகம் மாறிவிட்டது. "அந்தப் பாஷய இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்கம்மா பேசுற பாஷக்கா அது."

"அவங்கதான் செத்துட்டாங்களே!"

"உயிரோட இருந்தப்ப பேசினது. இவ கேட்டுட்டு இருந்திருக்கா."

"வாயே தொறக்காத கொளந்த கேட்டுக்கினு இருந்துச்சாம், இப்ப எழுதுதாம். எனக்குச் சொல்லாத பாப்பா. வந்து எழுதறது வேற ஆளு."

அப்பா அப்போது அதைக் கேட்டுச் சிரித்தார். சில நாள் கழித்து நீலா 'தமீ லா' என்று அடித்தாள். மகளே வா. ஆற்றங்கரைப் படியில் நின்று அம்மா எங்களைக் கூப்பிடும் கூப்பாடு அது. நீலா அதையே வரி வரியாகப் பக்கம் நிறைய அடித்தாள். அப்பா அந்தக் காகிதத்தை உருவி எடுத்து நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

மாணவர்கள் போன பிறகு, மாலையில் அப்பா நீலாவின் அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பர்மிய மொழியில் கேள்வி கேட்கத் தொடங்கினார். அவளிடம் இல்லை, அம்மாவிடம். உன்னை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று கோபமா? உன்னை அடக்கம் செய்த இடத்தில் யாராவது பூ வைக்கிறார்களா? நீலாவின் விரல் சும்மா கிடந்தால், அவள் மணிக்கட்டைத் தம் கையில் ஏந்திக்கொள்வார். அப்புறம் எழுத்துகள் விழும். இரண்டு எழுத்தும் நான்கு எழுத்துமாக அடித்தவள், அப்பாவின் கைக்குள் நீளநீளமான வாக்கியங்கள் அடித்தாள். கோபம் இல்லை. இங்கே குளிர்ச்சியாக இருக்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள். படிக்கும்போது எனக்குப் புல்லரித்தது. அம்மாவின் குரலே காதில் கேட்டது. மறுநாளும் வேண்டும் போலிருந்தது. நானும் இருட்டும் வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு மாலை நான் காகிதத்தைப் பார்க்காமல் நீலாவைப் பார்த்தேன். அவள் விசைகளைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பி, ஜன்னலுக்கு வெளியே ராஜகிரியின் மேல் வட்டமிடும் பருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலோ வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது. பேய் வந்திருந்தால்கூட அப்படிப் பயந்திருக்க மாட்டேன். அந்தக் கையில் அம்மாவும் இல்லை, நீலாவும் இல்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அப்பாவுக்கு அது தெரியவில்லை. அவர் ஏமாற்றவில்லை. அவர் கை தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

இதற்குள் கன்னியம்மாக்கா அடுத்த ஏற்பாட்டைச் செய்துவிட்டாள். அமாவாசைக்கு நீலாவை மேல்மலையனூருக்குக் கூட்டிப்போவது, அங்காளம்மன் சன்னதியில் உட்காரவைத்து, வந்திருப்பவளை வாய்திறந்து பேசவைப்பது. "காயிதத்துல எதுக்கு மாஸ்டர்? நேரா பேசுவாங்க. அப்பால மரியாதயா அனுப்பி வெச்சிரலாம். கொளந்த தெளிஞ்சுரும்" என்றாள். கெட்ட எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை, தன் செலவிலேயே எலுமிச்சம்பழம்கூட வாங்கி வைத்திருந்தாள். நேராகப் பேசுவாள் என்ற சொல்லில் அப்பா விழுந்துவிட்டார். டின் இழுக்கும் சத்தம் தாங்காதவளைப் பம்பைக்கும் உடுக்கைக்கும் நடுவில், அந்த ஜனக்கூட்டத்தில் உட்காரவைக்க நான் விடுவதாக இல்லை.

அமாவாசையன்று கீழே தெருவில் ஸ்பெஷல் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. கன்னியம்மாக்கா பழப் பையோடு மாடியேறி வந்தாள். நான் நீலாவைப் பொறிக்கு முன்னால் உட்காரவைத்து, பஸ்ஸுக்குப் போகலாமா என்று அவளையே கேட்கும்படி அப்பாவிடம் சொன்னேன். அப்பா வழக்கம்போல அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கைய விடுங்கப்பா" என்றேன்.

"நான் பிடிக்காட்டா அவ எப்படிம்மா வருவா?"

"நீலா வரட்டும்பா. ஒரே ஒரு தடவ. விடுங்க."

அப்பா விட்டார். பஸ்காரன் ஹாரனை அழுத்தினான். நீலா காதைப் பொத்திக்கொண்டாள். "இன்னா பாப்பா, வண்டி போயிடும்" என்று கன்னியம்மாக்கா பறந்தாள். நீலா காதிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். நடுவில் வெகுநேரம் நிறுத்தினாள். காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:

அமே இல்லை நீலா

அமே என்றால் பர்மிய மொழியில் அம்மா. அடுத்த சொல் தமிழ். மூன்றாவது அவள் பெயர். தன் பெயரை அவள் அடித்தது அதுதான் முதல் தடவை.

அம்மா இறந்த ஆஸ்பத்திரியிலும் கப்பலிலும் மதராஸ் அகதி முகாமிலும் அழாத அப்பா அன்று பொறியின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அவருக்கு அம்மா அன்றைக்குத்தான் இறந்தாள். கன்னியம்மாக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள், அர்த்தம் கேட்டாள், பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். "அப்போ இத்தினி நாளும் இந்தக் கொளந்ததான் பேசிக்கினு இருந்துச்சா? நான் ஒரு வார்த்த அதாண்ட பேசலியே" என்றாள். பிறகு, அத்தனை மாதத்தில் முதன்முறையாக நீலாவைப் பார்த்து, "சாப்டியா கண்ணு?" என்று கேட்டாள். நீலா திரும்பவில்லை. ஆனால் சற்றுநேரம் கழித்து அடித்தாள்: சாப்பிடல. பஸ் போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகு நீளமான வாக்கியங்கள் வரவில்லை. நீலா இன்றும் பேசுவதில்லை. இப்போது இன்ஸ்டிடியூட்டில் அவளுக்கென்று ஒரு மேசை இருக்கிறது. 'சத்தம் வேண்டாம்.' 'மழை.' 'அப்பா இருமல்.' அவளுடைய வாக்கியங்கள் அந்த நீளம்தான். பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் பஜாரில் அவளைப் பற்றி யார் எது கேட்பதானாலும் மாடியேறி வந்து அவளையே கேட்கிறார்கள், பதில் விழும்வரை காத்திருக்கிறார்கள். அப்பா மாலையில் அவள் பக்கத்தில் உட்காருகிறார், கைகளை மடியில் கட்டிக்கொண்டு. எப்போதாவது அந்தக் கை தானாக எழுந்து பாதியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நானும் அந்தக் குரலைத் தேடுகிறேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்? அது அம்மா இல்லை என்று முதலில் கண்டவள் நான். அந்த வாக்கியங்கள் இல்லாத மாலைகள் பாழடைந்து கிடப்பதும் எனக்குத்தான். அம்மா இப்போது கனவில் மட்டும் வருகிறாள். ஆற்றங்கரைப் படி, இடுப்பில் அதே லொன்ஜி, தலையில் அதே பூ. "எங்கடி போயிக்கினு இருந்த இத்தினி நாளா?" என்று கேட்கிறாள். அவள் காலே படாத இந்த ஊர்ப் பேச்சு, அவள் வாயில் அத்தனை சரளமாக. நான் பர்மிய மொழியில் பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் தேடி எடுத்துச் சொல்கிறேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.